டொம்முவின் மூச்சு

டொம்மு ஒரு நீர்யானைக் குட்டி. பொம்மைப்படத்தில் வருவது. உடம்பு பீப்பாய் அளவு, வால் மட்டும் கட்டைவிரல் அளவு. எதையாவது தட்டி உடைத்துவிட்டு, மாட்டிக்கொண்டதும் திருதிருவென்று விழித்து, "நான் இல்ல, என் வாலு!" என்று சொல்லும். சரக்கு இவ்வளவுதான். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் ஒன்பது வருடமாகப் புத்தகப் பை, செருப்பு, தண்ணீர் பாட்டில், போர்வை என்று விற்காத சாமான் இல்லை.

பிள்ளைகள் சொன்னவரைக்கும் சரி. பிறகு பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். லஞ்சம் வாங்கிக் கையும் களவுமாகப் பிடிபட்ட அதிகாரிக்கு வால் வரைந்து பத்திரிகையில் கேலிச்சித்திரம் போட்டார்கள். கைக்கு வந்த பந்தைக் கோட்டை விட்ட ஆட்டக்காரனைப் பார்த்து மைதானமே "வாலு, வாலு" என்று கத்தியது. விவாகரத்து வழக்கில் ஒருவன் நீதிபதி முன்னால் இதைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான் என்று ஒரு செய்தி சுற்றியது. உண்மையோ கட்டுக்கதையோ, கேட்டுச் சிரிக்காதவர் இல்லை.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி மட்டும் வாயைத் திறக்காமல் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து சீட்டுக்காரன் ஃபோனில் அவள் குரலே கத்திக்கொண்டிருக்கும். ஸ்டுடியோவுக்கு வெளியே எங்கேயும் டொம்முவாகப் பேசக் கூடாது, அது தான்தான் என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது என்பது ஒப்பந்தம். பிள்ளைகளுக்கு டொம்மு டொம்முவாகவே இருக்க வேண்டுமாம். நாற்பத்தேழு வயதில், ஊரே தன் குரலில் பேச, தான் மட்டும் பேசக் கூடாத பிழைப்பு இது. ஆனாலும் அவளுக்கு அது உயிர். வேறு எந்த வேலையும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு வீடியோ வந்தது. மூன்றே நிமிடம். அதில் டொம்மு வளர்ந்து ஆளாகி, கழுத்தில் டை கட்டி, ஆபீசில் உட்கார்ந்திருந்தது. குடித்துவிட்டு வந்து ஃபைலைத் தொலைத்தது, மேலதிகாரியைக் கெட்ட வார்த்தையில் திட்டியது. கடைசியில் அந்த வரியைச் சொன்னது. மத்தியானத்துக்குள் ஊர் பூராவும் பார்த்தாகிவிட்டது. கேலி வீடியோ ஒன்றும் புதிதில்லை, நிறுவனம் அதையெல்லாம் கண்டுகொள்வதும் இல்லை. ஆனால் இது மிமிக்ரிக்காரனின் குரல் இல்லை. அச்சு அசல் டொம்மு. கேட்டவுடன் அவளுக்கே ஒரு நொடி, 'இதை நாம் எப்போது பேசினோம்' என்று சந்தேகம் வந்தது.

சாயங்காலமே நிறுவனத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். வியாழக்கிழமை வந்து பார்க்க வேண்டும்.

அந்த ஒன்றரை நாளும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோனாள். ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள். கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்து நடந்து தரை தேய்ந்ததுதான் மிச்சம்.

"நீ பண்ணலைல்ல? அப்புறம் எதுக்குக்கா பயப்படற?" என்றாள் தங்கை.

அக்காவை விடப் பதினொரு வயது சின்னவள். இரண்டு பேருக்கும் ஒருவரை விட்டால் வேறு ஆள் இல்லை, ஒரே வீடு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் டொம்முவுக்குக் குரல் தேடியபோது இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். அக்கா தேர்வானாள். தங்கை, கூரியர் ஆபீசில் பார்சல் எங்கே என்று ஃபோனில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலைக்குப் போனாள். ஆனால் ஒவ்வொரு கதைக்கும் அக்கா சமையலறையில்தான் ஒத்திகை பார்ப்பாள். காய் நறுக்கிக்கொண்டே டொம்முவின் அம்மா, முதலை, கொக்கு எல்லாருடைய வசனத்தையும் எடுத்துக்கொடுப்பது தங்கை.

வியாழக்கிழமை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மேலாளரம்மா. அவர் பக்கத்தில், ஒன்பது வருடமாக அவள் குரலைப் பதிவு செய்கிற ஒலிப்பதிவாளர். வேற்று ஆளைப் போல அவள் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் பேசலைங்க. சத்தியமா" என்றாள் உட்காருவதற்கு முன்பே.

"அவர் சொல்றதைக் கேளுங்க" என்றார் மேலாளரம்மா.

ஒலிப்பதிவாளர் அந்தக் கடைசி வரியை மட்டும் ஓடவிட்டார். திரும்ப ஓடவிட்டார். "வரிக்கு முன்னாடி ஒரு மூச்சு கேக்குதுல்ல? விக்கல் மாதிரி, சின்னதா? அது உங்க மூச்சுக்கா. ஒவ்வொரு தடவையும் எடுப்பீங்க. ஒவ்வொரு தடவையும் நான் என் கையால வெட்டி எடுத்துடுவேன். டிவில வந்த ஒரு கதையிலயும் அது கிடையாது. ஊர்ல ஆயிரம் பேர் டொம்மு மாதிரி பேசலாம். இந்த மூச்சை எவன் எடுப்பான்? காதால கேட்டிருந்தாத்தானே?"

அந்த மூச்சை வெட்டாமல் கேட்கிற இடம் உலகத்தில் இன்னொன்று இருந்தது. அது அவள் வீட்டுச் சமையலறை.

"நீங்கதான்னா இன்னையோட நமக்குள்ள முடிஞ்சுது. வேற யாராவதுன்னா, யாருன்னு சொல்லிடுங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது" என்றார் மேலாளரம்மா.

சொல்லாமல் எழுந்து வந்திருக்கலாம். கூடப் பிறந்தவள் அப்படித்தான் செய்வாள் என்று நாமெல்லாம் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு சொல்லிவிடலாம். அவளுக்கு அந்த நேரத்தில் பாசம் முன்னால் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒன்றரை நாள் கூடவே இருந்து, 'எதுக்குக்கா பயப்படற' என்று கேட்டாளே!

"என் தங்கச்சி" என்றாள்.

திட்டப்போகிறார்கள் என்று காத்திருந்தாள். யாரும் திட்டவில்லை. மேலாளரம்மா அந்த வரியை மறுபடி ஓடவிடச் சொன்னார். அப்புறம் இன்னொரு முறை. அவரும் ஒலிப்பதிவாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ஒரு வருஷமா உங்க குரலை மெஷின்ல சுருதி ஏத்தித்தான் விடறேன். குரல் கொஞ்சம் தடிச்சுடுச்சு. இதுல ஏத்த வேண்டியதே இல்ல" என்றார் அவர், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

"அவங்க நம்பரைக் குடுங்க. கேஸ் கீஸ்னு ஒண்ணும் கிடையாது. ஒரு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம்" என்றார் மேலாளரம்மா.

"அப்ப நான்?"

"இப்போதைக்கு நீங்க வேலைக்கு வாங்க. பார்ப்போம்."

அவள் நம்பரைச் சொன்னாள்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார முடியவில்லை. இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள். யாரோ துரத்துகிற மாதிரி வேகமாக நடந்தாள். வீட்டுத் தெரு வந்ததும் கால் எழவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் உரக்கக் கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தாள்.

தங்கை கையில் ஃபோனோடு நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, உன் ஆபீஸ்ல இருந்து பேசினாங்க. நாளைக்குப் பத்து மணிக்கு வரணுமாம். எதுக்குன்னு கேட்டா நேர்ல பேசலாம்ங்கறாங்க." சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தான்க்கா அது. அந்த வீடியோ எடுக்கற பொண்ணு எங்க ஆபீசுக்குப் பார்சல் கேட்டுப் பேசினா. விளையாட்டுக்கு டொம்மு மாதிரி பதில் சொன்னேன். வந்து பேசறியான்னு கேட்டா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மைக் முன்னாடி நின்னு பார்க்கணும்னு தோணிடுச்சு. பேர் போட மாட்டோம்னாங்க. உனக்கு வம்பு வரும்னு சத்தியமா நினைக்கலக்கா. வந்த பின்னாடி சொல்ல வாய் வரல."

பெரியவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வழியெல்லாம் சேர்த்து வைத்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்திருந்தது.

"கேஸ் போட்டுடுவாங்களாக்கா?"

இல்லை, டெஸ்ட்டுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய்வரைக்கும் வந்தது.

"போட்டாலும் போடுவாங்க" என்றாள். "நீ போகாத. திரும்பக் கூப்பிட்டா எடுக்காத. நான் பேசிச் சமாளிச்சுக்கறேன்."

தங்கை எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "உன் பிழைப்புல மண்ணைப் போடப் பார்த்தேன். நீ என்னடான்னா என்னைக் காப்பாத்தற" என்று தோளிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த எண்ணிலிருந்து இனி அழைப்பே வராதபடி அக்கா கண் முன்னாலேயே ஃபோனில் தடுத்தும் வைத்தாள். அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை.

அழுகை அடங்கியதும் தங்கை மூக்கைத் துடைத்துக்கொண்டு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, கேக்கறேன்னு கோவிச்சுக்காத. அதுல நான் எப்படிப் பேசியிருந்தேன்? நல்லா இருந்துச்சா?"

"சுமார்தான்" என்றாள் அக்கா.

"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு" என்று சொல்லிவிட்டுத் தங்கை முகம் கழுவப் போனாள்.