முப்பத்தைந்துக்கு மூன்று

கனடாத் தமிழர் பில்ஸ் ஆதரவாளர் பேரவைக்குச் சட்டவிதி எழுதிய யாப்பு இருந்தது, கொடி இருந்தது, இறப்பர் முத்திரை இருந்தது, கோபித்துக்கொண்டு பிரிந்துபோன அஜக்ஸ் கிளை ஒன்றும் இருந்தது. கொள்கை வேறுபாடு என்று இரண்டு தரப்பும் சொல்லிக்கொண்டாலும், பிரிவுக்குக் காரணம் ஒரு கோடைகால ஒன்றுகூடலில் குத்துவிளக்கின் முதல் திரியை யார் கொளுத்துவது என்பதுதான். இத்தனையும் எல்லைக்கு அப்பால் பஃபலோவில் இருக்கும் பில்ஸ் என்ற ஓர் அமெரிக்கக் காற்பந்து அணிக்காக. அந்த அணிக்கு இப்படியொரு பேரவை இருப்பது இன்றுவரை தெரியாது.

தொடர்ந்து நான்கு வருடம் இறுதிப் போட்டிக்குப் போய், நான்கிலும் தோற்ற அணி அது. பேரவையின் நிரந்தரத் தலைவர் சண்முகநாதன் இதை மேடையில் சொல்லும்போது குரலை இறக்கிவிடுவார். "நாலு தரம் விழுந்தவனை விட்டிட்டுப் போறது மனிசத்தனமில்லை," என்பார். ரொறன்ரோவின் ஸ்காபரோ மண்டபங்களில் இந்த இடத்தில் தவறாமல் கைதட்டு விழும்.

ஆனால் அவரைத் தலைவராக்கியது இந்த வசனமல்ல. 1993ஆம் ஆண்டு சனவரி மூன்றாம் திகதி ஆட்டம். அன்று பில்ஸ் இடைவேளை முடிந்த கையோடு முப்பத்தைந்துக்கு மூன்று என்று பின்தங்கி நின்றது. சனம் எழும்பிக் காருக்குப் போய்விட்டது. அதன்பிறகு அணி கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளிகளை எட்டிப் பிடித்து, மேலதிக நேரத்தில் நாற்பத்தொன்றுக்கு முப்பத்தெட்டு என்று வென்றது. போனவர்கள் திரும்பி ஓடிவந்து வேலி ஏறிக் குதித்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள். அந்த அரங்கில், கடைசிவரை, ஆசனத்தை விட்டு அசையாமல் இருந்த ஒரேயொரு தமிழர் சண்முகநாதன். பேரவையின் அழைப்பிதழ்களில் அவருடைய பெயருக்குக் கீழே இது அடைப்புக்குறிக்குள் அச்சாகும்.

உண்மையில் சண்முகநாதன் அங்கே இருக்கவில்லை. அன்று மட்டுமல்ல, அந்த அரங்கை அவர் வாழ்நாளில் நேரில் கண்டதேயில்லை.

முப்பத்திரண்டு வருடமாக இது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. பேரவை பஃபலோவுக்குப் பஸ் பிடிக்கும்போதெல்லாம் தலைவர் வாசலில் நின்று கையசைத்து வழியனுப்புவார். "அந்த ஆட்டத்தைப் பாத்த கண்ணாலை அங்கை இன்னொண்டைப் பாக்கிறதில்லை எண்டு முடிவெடுத்திட்டன்," என்பார். இந்தத் துறவு அவருடைய மதிப்பை இன்னும் ஒருபடி உயர்த்தியது. ஆனால் இந்த வருடம் பழைய அரங்குக்குக் கடைசிப் பருவம். தெருவுக்கு மற்றப் பக்கம் புதியது எழும்பி நிற்கிறது. செயலாளர் கீதன் நிர்வாகக் குழுவில் எழுந்து, தலைவர் தம்முடைய வரலாற்று ஆசனத்துக்கு நேரில் சென்று விடைகொடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஏகமனதாக நிறைவேறியது. சண்முகநாதன் முழங்காலைச் சாட்டினார். முழங்காலுக்குப் பட்டி வாங்கிக் கொடுத்தார்கள். குளிரைச் சாட்டினார், ஆட்டுத்தோல் தொப்பி வந்து சேர்ந்தது.

டிசெம்பர் ஞாயிறு காலை, பிளாசா ஒன்றின் முன்னால் இருந்து பஸ் புறப்பட்டது. முதல் வரிசையில் தலைவர். பக்கத்தில், மடியில் யாப்புப் பிரதியோடு கீதன். குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் இருபது வருடமாகக் கோப்புகளோடு வாழ்கிறவர்; திகதி பிழையென்றால் அவருக்கு மணக்கும். பின்னால் யோகராணி. பேரவைக்குப் புதியவர். செவ்வாய்க்கிழமைகளில் முதியோர் ஒன்றுகூடலில் தலைவரின் பேச்சைக் கேட்டு, அந்தப் பக்தியில் இங்கேயும் உறுப்பினராகச் சேர்ந்தவர்.

கனடாவையும் அமெரிக்காவையும் இணைக்கும் சமாதானப் பாலத்தில் வாகனங்கள் வரிசையாக நின்றன. கீழே ஆறு, எல்லை என்று ஒன்று இருப்பதையே அறியாததுபோல் ஓடியது. எல்லாரும் பாஸ்போட்டைக் கையில் எடுத்தார்கள். எங்கள் சனத்தின் கையில் பாஸ்போட்டைக் கொடுத்தால் வாயில் பழைய கதை வரும். யார் எந்த வருடம் வந்தது, யாருக்கு எப்போது வதிவிடப் பேப்பர் கிடைத்தது, எந்த நீதவான் நல்லவர், எந்த மொழிபெயர்ப்பாளர் கெடுத்தவர் என்று பஸ் இரைந்தது.

"அண்ணை," என்றார் யோகராணி, இருக்கைகளுக்கு இடையால் தலையை நீட்டி. "அண்டைக்கு ஒன்றுகூடலிலை சொன்ன உங்கடை பேப்பர்க் கதையை இவையளுக்கும் சொல்லுங்கோவன். நான் வீட்டை போயும் அழுதனான்."

சண்முகநாதன் பாஸ்போட்டைப் புரட்டத் தொடங்கினார். அவருக்கு இரண்டு கதைகள் இருந்தன. ஒன்று அகதியாகப் பட்ட பாடு. அது முதியோர் ஒன்றுகூடலுக்கு. மற்றது பில்ஸ் ஆட்டம், அது பேரவைக்கு. இரண்டும் தனித்தனி மண்டபத்தில், தனித்தனிச் சனத்துக்கு முன்னால், தனித்தனியாகக் கைதட்டு வாங்கி வளர்ந்தவை. ஒன்றையொன்று சந்திக்கும் என்று அவர் நினைத்ததேயில்லை.

"இப்ப வேண்டாம், தங்கச்சி."

"அவர் சொல்லமாட்டார், அடக்கம்," என்று யோகராணி பஸ்ஸுக்கு அறிவித்தார். "தொண்ணூறிலை வந்த மனிசன். தொண்ணூற்றைஞ்சு மட்டும் பேப்பர் இல்லை. அஞ்சு வரியம். நயாகரா வீழ்ச்சியை எட்டிப் பாக்கவும் பயமாம், தவறி அங்காலை கால் வைச்சால் திரும்ப விடமாட்டாங்கள் எண்டு. ரொறன்ரோவை விட்டு ஒரு அடி வெளியாலை போகேல்லை. பாவம்."

பஸ் உச்சுக்கொட்டியது. கீதன் மட்டும் கொட்டவில்லை. யாப்பை மெதுவாக மூடினார்.

"தொண்ணூற்றைஞ்சோ, தலைவர்?"

"கிட்டத்தட்ட."

"தொண்ணூற்று மூண்டு சனவரியிலை இந்தப் பாலத்தை எப்பிடிக் கடந்தியள்?"

"அதுக்கு ஒரு தனி அனுமதி எடுத்தனான்."

"என்ன அனுமதி? நான் இருவது வரியமாய் உந்த வேலைதான் பாக்கிறன். பேப்பர் இல்லாதவனை மாட்ச் பாக்க அங்காலை விட்ட ஒரு கடிதம் இண்டைக்கு மட்டும் என்ரை கண்ணிலை படேல்லை."

கடைசி இருக்கையில் இருந்து துர்க்கா எழும்பினாள். இங்கே பிறந்தவள், தாதிப் படிப்பு முடித்தவள், முகத்தில் அணியின் நிறம், பாதி நீலம் பாதி சிவப்பு.

"வெயிற், அங்கிள். அப்ப நீங்க இல்லீகலாப் போனீங்களா? லைக், ஒரு ஃபுட்போல் கேமுக்கு?"

அவள் குரலில் இருந்தது சந்தேகமல்ல, பக்தி. அது பஸ் முழுவதும் தொற்றியது. ஆற்றால் நீந்திப் போயிருப்பாரோ, லொறிக்குள் ஒளித்துப் போயிருப்பாரோ என்று வாய்க்குவாய் ஊகம் பரவியது. ஒரு பொய் மாட்டுப்படப்போகும் தருணத்தில் அதைவிடப் பெரிய பொய் ஒன்று தானாகவே கதவைத் திறந்துகொண்டு நிற்பதைச் சண்முகநாதன் கண்டார். ஒரு தலையாட்டல் போதும்.

"இதையெல்லாம் எல்லையிலை நிண்டு கதையாதேங்கோ," என்றார்.

அதைப் பஸ் ஒப்புதலாக எடுத்துக்கொண்டது. கீதன் எடுக்கவில்லை. "சரி. அந்த சீற்றைக் காட்டுங்கோவன், பாப்பம்," என்றார் மெதுவாக.

அரங்கின் வாகனத் தரிப்பிடத்தில் இறங்கப்போன சண்முகநாதன் பஸ்ஸின் கைப்பிடியை விடவில்லை. பயத்தினால் மட்டுமல்ல. பனிக்குமேல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சனம். நீலமும் சிவப்பும். நூற்றுக்கணக்கான அடுப்புகளின் புகை ஒன்றாகி ஒரு மேகமாகவே நின்றது. வரிக்குதிரைக் கோட்டுக் காற்சட்டை போட்ட கிழவர்கள், வெறும் மேலோடு நின்ற பெடியள், கம்பளிக்குள் கைக்குழந்தை. அவர் மேடைகளில் வர்ணித்தது இதில் பத்தில் ஒன்றும் இல்லை. தன்னுடைய பொய் இவ்வளவு கஞ்சத்தனமானது என்று முதன்முதலாக அவருக்குத் தெரிந்தது.

பக்கத்துக் கூட்டத்தில் ஒருவன் வாகனத்தின் கூரையில் ஏறி, கீழே விரித்திருந்த மடக்கு மேசைமேல் முதுகு அடிபடப் பாய்ந்தான். மேசை இரண்டானது. சனம் ஆர்ப்பரித்தது.

"உது என்ன, நேர்த்திக்கடனோ?" என்று கேட்டார் யோகராணி.

"கிட்டத்தட்ட, அன்ரி," என்று சொல்லிவிட்டு, துர்க்காவும் போய் ஒன்றை உடைத்துவிட்டு வந்தாள்.

பேரவையின் மேசையை உடைக்க யாப்பில் இடமில்லை. அதன்மேல் மட்டன் ரோல்ஸ் இருந்தது. அதற்கு முன்னால் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. குளிர்ச்சட்டைக்கும் கழுத்துத்துண்டுக்கும் மேலால் அது நிற்காமல் மூன்று தரம் வழுக்கியது. பிறகு கீதன் கைகாட்ட, பஸ்ஸில் வந்த இருபத்தெட்டுப் பேரும் அவருக்குப் பின்னால் வாசலுக்கு நடந்தார்கள்.

சண்முகநாதனின் மேடைக் கதையில் ஒரு படிக்கட்டு உண்டு. "ஏறினன், ஏறினன், மூச்சு முட்ட ஏறினன், முன் வரிசைக்கு," என்று அவர் சொல்லும்போது கேட்கிறவர்களுக்கும் மூச்சு வாங்கும். ஆகவே வாசலைத் தாண்டியதும் அவர் படியைத் தேடி மேலே பார்த்தார். கீதன் அவரைப் பார்த்தார்.

வாசலுக்கு நேரே சுவரில் ஒரு திறப்பு. அதற்குள்ளால் சண்முகநாதன் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

மைதானம் கீழே இருந்தது. தெரு மட்டத்திலிருந்து ஐம்பது அடி ஆழத்தில், பூமியைத் தோண்டி, பச்சையை அடியில் விரித்து வைத்திருந்தார்கள். வரிசை வரிசையாக ஆசனங்கள் அதை நோக்கி இறங்கின. மறுபக்கத்து மனிதர்கள் மிளகளவில் தெரிந்தார்கள். எழுபதாயிரம் பேரின் மூச்சு குளிரில் வெள்ளையாக எழுந்து, ஒரே மிருகம் ஒன்று சுவாசிப்பதுபோல் அந்தக் குழிக்குமேல் நின்றது.

"இவ்வளவு கீழையோ," என்றார் சண்முகநாதன்.

வாயிலிருந்து அது போனபின்தான் அவருக்குக் காதில் கேட்டது. திரும்பிப் பார்த்தார். இருபத்தெட்டுப் பேரும் கேட்டிருந்தார்கள்.

"முன் வரிசைக்கு மூச்சு முட்ட ஏறினது எண்டியள்," என்றார் கீதன்.

ஆற்றால் நீந்திய கதை இன்னும் கைவசம் இருந்தது. அதற்கும் ஒரு வழி செய்யலாம். இருட்டு, மயக்கம், முப்பது வருட மறதி. அவர் மறுபடி அந்தப் பச்சையைப் பார்த்தார். அதற்கு முன்னால் நின்றுகொண்டு அதைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு நாக்கு எழும்பவில்லை.

"நான் வரேல்லை," என்றார். "அண்டைக்கு நான் ரொறன்ரோ யங் தெருவிலை ஒரு ரெஸ்ரோறண்டிலை கோப்பை கழுவிக்கொண்டு நிண்டனான்."

"அங்கிள்?" என்றாள் துர்க்கா.

"குசினியிலை றேடியோ. எனக்கு இங்கிலிஷ் பிடிபடாது, பிள்ளை. நம்பர் மட்டும் விளங்கும். முப்பத்தஞ்சுக்கு மூண்டு எண்டோடை குக் அதை நிப்பாட்டப் போனவன். நான் ஈரக்கையாலை அவன்ரை கையைப் பிடிச்சிட்டன். மூண்டிலை நிக்கிறவன் என்ன செய்யப்போறான் எண்டு எனக்குப் பாக்கவேணும் போல இருந்தது. பிறகு பத்து எண்டான். பதினேழு எண்டான். இருவத்தினாலு, முப்பத்தொண்டு. முப்பத்தெட்டு எண்டேக்கை என்ரை கையிலை ஒரு கோப்பை. எவ்வளவு நேரம் வைச்சிருந்தன் எண்டு தெரியாது. நாப்பத்தொண்டு எண்டோடை குக் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதான். ஏன் வெண்டது, எப்பிடி வெண்டது, பந்து உருண்டையோ நீட்டோ எண்டு எனக்கு அண்டைக்குத் தெரியாது."

அவர் வழுக்கிய பொன்னாடையை இழுத்துப் போர்த்தினார்.

"பிறகு ஒரு கலியாண வீட்டிலை இதைச் சொல்லேக்கை, நேரை பாத்தனியோ எண்டு ஒருத்தன் கேட்டான். ஓம் எண்டிட்டன். ஒரேயொரு ஓம்தான். மிச்சமெல்லாம் அதுக்குப் பொருத்தமாய்ச் சேர்த்தது."

அவர்களுக்கு முன்னால் இருந்த வரிசையில், வரிக்குதிரைக் காற்சட்டைக் கிழவர் ஒருவர் என்ன விஷயம் என்று துர்க்காவிடம் விசாரித்தார். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். கிழவர் தொப்பியைக் கழற்றிச் சண்முகநாதனை நெடுநேரம் பார்த்தார். அன்றைக்கு இங்கே இருந்தது எழுபத்தையாயிரம் பேர், என்றார். நானும் அதில் ஒருவன் என்று சத்தியம் செய்த மூன்று லட்சம் பேரை இதுவரை சந்தித்துவிட்டேன். இல்லை என்று சொன்ன மனிதனை இப்போதுதான் பார்க்கிறேன். சொல்லிவிட்டுக் கை கொடுத்தார்.

இந்தச் சர்வதேச அங்கீகாரம் கீதனுக்குப் பிடிக்கவில்லை. தலைவர் கதிரை இருபது வருடமாக அவருடைய கண்ணில் நின்றது; இன்று அது கையெட்டும் தூரத்தில். எல்லாரும் உட்கார்ந்து ஆட்டம் தொடங்கியதும், அவர் படியில் எழுந்து நின்று யாப்பை விரித்தார்.

"ஏழாம் பிரிவு," என்று இரைச்சலுக்கு மேலால் கத்தினார். "உறுப்பினரைத் தவறாக வழிநடத்திய தலைவரை, அரைவாசிக்கு மேற்பட்டோர் கூடியிருக்கும் எந்த இடத்திலும் பதவி நீக்கலாம். இப்ப கூடியிருக்கிறம்."

"தம்பி, மறைக்காதையும்," என்றார் சண்முகநாதன். எதிரணியின் பக்கத்துக்குப் பந்து போய்க்கொண்டிருந்தது. பந்து நீட்டு.

"அண்ணை, பதவி போகப்போகுது," என்று காதுக்குள் சொன்னார் யோகராணி. அவருக்கு அழுகை வந்துவிட்டது. "நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்."

"நீங்கள் நல்லாத்தான் சொன்னியள், தங்கச்சி. கீழை ஓடுற பெடியன் என்னத்துக்கு உந்த மூலைக்குப் போறான்?"

"ஆகவே," என்று கீதன் பேனையைத் திறந்தார், "தலைவரை நீக்குவதற்கு ஆதரவானவர்கள் கை தூக்கவும்."

கீழே மூலையில் பில்ஸ் வீரன் ஒருவன் நிலத்துக்குச் சமாந்தரமாகப் பறந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோட்டுக்குள் விழுந்தான்.

எழுபதாயிரம் பேர் கை தூக்கினார்கள். குழியின் அடியிலிருந்து ஒரு சத்தம் கிளம்பி, கால் வழியாக ஏறி, பல்லில் அதிர்ந்து, வானத்துக்குப் போனது. கீதன் பேனையோடு நிமிர்ந்து பார்த்தார். பார்த்த திசையெல்லாம் கை. நான்கு பக்கமும், மேல் தட்டிலும், தூரத்துப் பனிமூட்டத்துக்குள்ளும் கை. பேரவையின் வரலாற்றில் எந்தத் தீர்மானத்துக்கும் இப்படியொரு ஆதரவு கிடைத்ததில்லை. துர்க்கா தூக்கியிருந்தாள். கிழவர் தூக்கியிருந்தார். என்னவென்று தெரியாமல் யோகராணியும் தூக்கியிருந்தார். சண்முகநாதன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வாய் திறந்தபடி நின்றார்.

"எதிரானவர்கள்?" என்று கீதன் கேட்டது அவருக்கே கேட்கவில்லை.

சத்தம் கொஞ்சம் தணிந்தபோது யோகராணி சண்முகநாதனின் குளிர்ச்சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அண்ணை, கையைக் கீழை விடுங்கோ. உங்களை நீக்கிறதுக்கெல்லே நீங்களே தூக்கிக்கொண்டு நிக்கிறியள்."

"ரெண்டு வாக்காய் எழுதட்டும்," என்றார் சண்முகநாதன். கை இறங்கவில்லை. கண் மைதானத்தை விட்டு அகலவில்லை.