நிரஞ்சன் சேரின் கல்கத்தா சாக்கு

என் பெயர் அழகையா. கம்பளை ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் சாக்குக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு நிரஞ்சன் சேரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நல்லவன் என்று நம்பி ஏமாறக் கூடாது.

'சேர்' என்ற இங்கிலீஷ் பட்டத்தை நான் கொடுக்கவில்லை, ஊர் கொடுத்தது. யாழ்ப்பாணத்து மனிதர், கண்டியில் ஒரு வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனேஜர்மார் கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் வீடு கட்டி ரோஜாச் செடி வளர்ப்பார்கள். இவரும் வீடு கட்டினார். ஆனால் ரோஜாவை விட்டுவிட்டு, கல்கத்தாவிலிருந்து புதுச் சணல் சாக்குகளைப் பேல் பேலாக இறக்கி வீட்டின் கீழ்த்தட்டில் அடுக்கினார். பென்ஷன் வருகிற மனிதருக்கு இது தேவையா?

நான் பழைய சாக்கு வியாபாரி. பருப்பும் மல்லியும் வந்திறங்கிய சாக்குகளைக் கொழும்பில் வாங்கி வருவேன். உதறி, வெயில் காட்டி, என் மனைவி இரத்தினம்மா சாக்கு ஊசியால் ஓட்டைகளைத் தைத்து, தரம் பிரித்து மிளகுக்காரருக்கும் கராம்புக்காரருக்கும் விற்போம். இப்போது பருப்பெல்லாம் பிளாஸ்டிக் பையில் வருகிறது. சணல் சாக்குக்கு வங்காளத்தில் விதைக்க வேண்டும், அறுக்க வேண்டும், தண்ணீரில் ஊறப்போட்டு நார் உரிக்க வேண்டும். பிளாஸ்டிக் பைக்கு ஒரு மெஷின் போதும், விலையும் பாதிதான். அதனால் பழைய சணல் சாக்கு வருடா வருடம் குறைந்துகொண்டே போகிறது. என் கடையின் பின்பக்கம் கூரை முட்ட இருந்த அடுக்கு இப்போது என் இடுப்பு உயரம்தான்.

ஆனால் என் வயிற்றெரிச்சல் அதற்காக இல்லை. எனக்கு நிஸாம்தான் முக்கியம்.

நிஸாம் கண்டியில் மிளகு ஏற்றுமதி செய்கிறான். குட்செட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவன் ஸ்டோர். இருபத்திரண்டு வருடப் பழக்கம். திங்கட்கிழமை காலையில் போன் எடுத்து, "அழகையா, சாக்கு ஒலகம் எப்படி ஈக்கு?" என்று கேட்பான். நான் சொல்லத் தொடங்குவேன். வங்காளத்தில் மழை பிந்திவிட்டது, நெல்லுக்கு நல்ல விலை, ஆகவே விவசாயி சணலை விட்டு நெல்லுக்குப் போவான், ஆகவே கார்த்திகையில் சாக்கு விலை ஏறும். அவன் ம் போட்டுக்கொண்டே கேட்பான். சாக்கு வியாபாரி பேச்சை இந்த உலகத்தில் வேறு யார் கேட்கிறார்கள்? இரத்தினம்மாவே கேட்கமாட்டாள்.

இந்த வருட மிளகு அறுவடை முடிகிற நேரம், ஒரு நாள் நிஸாமின் ஸ்டோருக்குப் போனேன். என் கதிரையில் நிரஞ்சன் சேர் உட்கார்ந்திருந்தார். என் கதிரை என்று எழுதி ஒட்டியிருக்கவில்லைதான். ஆனால் அது என் கதிரை. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"வாங்கோ அண்ணை, இருங்கோ" என்றார்.

அவர் மரியாதை இல்லாதவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

நான் உட்காரவில்லை. அவர் நின்றபடியே கையிலிருந்த போனில் விலை ஏறி இறங்கும் ஏதோ கோடுகளைக் காட்டி விளக்கினார். "இந்தியாவில சணல் சாக்கில பெரும்பங்கை அரசாங்கமே வாங்குது, நெல்லும் கோதுமையும் கட்ட. மிச்சம்தான் எங்களுக்கு. இப்ப பங்களாதேஷ்காரன் பச்சைச் சணலை வெளியில விடத் தயங்கிறான். மில்லெல்லாம் நாருக்கு அலையுது. அதாலதான் இந்த விலை."

"கேளு அழகையா, சேர் செல்றத" என்றான் நிஸாம். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் இருந்தது.

இதைத்தானே நான் இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி வந்தேன்? கோடு இல்லாமல் சொன்னேன், அவ்வளவுதான். நிரஞ்சன் சேர் வாழ்நாளில் ஒரு சணல் செடியைக் கண்டதில்லை. நானும் கண்டதில்லை. அது வேறு விஷயம். டீ வந்தது, குடிக்காமலே பஸ் ஏறினேன்.

"ஒங்களுக்குப் பொறாமைங்க" என்றாள் இரத்தினம்மா, சாக்கைத் தைத்துக்கொண்டே. "அந்த மனுசன் நம்ம யாவாரத்துல கை வைக்கலியே. அவரு புதுசு விக்கிறாரு, நம்ம பழசு விக்கிறோம்."

பொறாமைதான். இல்லை என்று நான் எப்போது சொன்னேன்?

பத்து நாள் கழித்து நிஸாம் வேனில் கம்பளைக்கு வந்தான். கையில் மடித்த புதுச் சாக்கு ஒன்று, நிரஞ்சன் சேருடையது. ஜெர்மனிக்கு ஒரு கொள்கலன் மிளகு போகிறது என்றான். இருநூற்றைம்பது சாக்கு. அந்த நாட்டுக்காரனுக்குப் பிளாஸ்டிக் வேண்டாம், சணல்தான் வேண்டும். ஆனால் அதிலும் ஒரு கண்டிப்பு இருக்கிறது. மில்லில் நாரை மிருதுவாக்க எண்ணெய் தெளிப்பார்கள். சாப்பாட்டுச் சாமான் கட்டும் சாக்கென்றால் தவிட்டு எண்ணெய் தெளிக்க வேண்டும். மலிவுச் சாக்கென்றால் டீசலுக்குத் தங்கை முறையான ஒரு எண்ணெய். அது மிளகுக்குள் இறங்கிவிடும். ஜெர்மனியில் சோதித்துக் கண்டுபிடித்தால் கொள்கலன் அப்படியே திரும்பி வரும்.

"இந்தத் தடவ வீட்ட ஈடு வெச்சுத்தான் மொளகு வாங்கின" என்றான் நிஸாம். "திரும்பி வந்தா நான் முடிஞ்ச. நீ பார்த்துச் செல்லு. என்ட மூக்குக்கு மொளகத் தவிர ஒண்டும் வெளங்காது."

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முறை உண்டு. புதுச் சாக்கைச் சும்மா மோந்தால் சணல் மணம்தான் வரும். அடிப்பக்கத்தில் கொதிநீர் தெளித்து, வாயைச் சுருட்டிப் பிடித்து, நூறு எண்ணும்வரை வைத்திருக்க வேண்டும். பிறகு தலையைச் சாக்குக்குள் விட்டு ஒரே மூச்சாக இழுக்க வேண்டும். தவிட்டு எண்ணெய் என்றால் மாட்டுத் தீவன மூட்டையின் மணம். மற்றது என்றால் தொண்டையின் பின்பக்கம் ஒரு கசப்பு வந்து உட்காரும். முதல் மூச்சுத்தான் கணக்கு, இரண்டாவது மூச்சில் மூக்கு பழகிவிடும். கண்டி மாவட்டத்தில் இதை என்னைவிடச் சரியாகச் செய்கிறவன் இருந்தால் வரச்சொல்லுங்கள்.

இரத்தினம்மா கொதிநீர்க் கேத்திலைக் கொண்டு வந்தாள். நான் தெளித்தேன், பிடித்தேன், எண்ணினேன், தலையை விட்டேன்.

கசப்பு வந்தது. சந்தேகமே இல்லை. பஸ் டிப்போவுக்குள் தலையை விட்டது போல இருந்தது.

சாக்குக்குள் இருட்டில் நான் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தேன். அந்த நேரத்தில் நிஸாமின் வீட்டைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. நிரஞ்சன் சேரின் முகத்தைத்தான் நினைத்தேன். ஜெர்மன்காரன் திருப்பி அனுப்பிய கொள்கலனின் முன்னால், அந்தப் போனையும் கோடுகளையும் கையில் வைத்துக்கொண்டு, அவர் நிற்கும் முகம். அது எனக்கு இனித்தது.

தலையை வெளியே எடுத்து, "நல்ல சாக்கு" என்றேன்.

"நெசமா?"

"ஏன், நான் எப்பவாவது ஒன்கிட்ட மாத்திச் சொல்லியிருக்கேனா?"

நிஸாம் என் தோளில் தட்டிவிட்டு வேனில் ஏறினான். சாக்கை விட்டுவிட்டுப் போனான். இரத்தினம்மா அதைக் கொடியில் காயப்போட எடுத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னங்க, லாம்பெண்ணெ வாடை அடிக்குது. நிஸாம் அண்ணன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒன் வேலையைப் பாரு" என்றேன். அவள் சாக்கைக் கொடியில் போடாமல், என் காலடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த நாலு நாளும் நான் எனக்கே வக்கீலாக இருந்தேன். சாக்கு கொண்டுவந்தது நானா? விற்றது நானா? எல்லாம் தெரிந்த சேர்தானே, அவர் பார்த்துக்கொள்ளட்டும். நிஸாம் திரும்பி என்னிடம்தான் வருவான். நான் ஆறுதல் சொல்வேன். என்ன ஆறுதல் சொல்வேன் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். இவ்வளவு கேவலமாக ஒரு மனிதன் யோசிக்க முடியும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் போன் அடித்தது. நிரஞ்சன் சேர்.

"அண்ணை, உங்களுக்கு ஒரு நன்றி சொல்லத்தான் எடுத்தனான்."

"எதுக்குங்க சேர்?"

"சாக்குப் பாத்துச் சொன்னதுக்கு. பில்லில தவிட்டெண்ணெய் எண்டுதான் போட்டிருக்கு. ஆனா நார் விக்கிற விலைக்கு, மில்காரன் எங்கயாவது ஒரு இடத்தில மிச்சம் பிடிப்பான்தானே. எண்ணெயிலதான் பிடிப்பானெண்டு எனக்கு ஒரு பயம். நானும் மணந்து பாத்தன், எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை. அதான் நிஸாமிட்டச் சொன்னன், அழகையா அண்ணை பாத்துச் சொல்லாமல் ஒரு சாக்கும் தரமாட்டன் எண்டு."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இண்டைக்கு இருநூற்றைம்பதையும் ஏத்தி விட்டிட்டன். நாளைக்கு மிளகு கொட்டினம். அண்ணை, படிச்சுத் தெரிஞ்சுகொள்ளுற விசயமில்லை இது. உங்களைப் போல ஒருத்தர் பக்கத்தில இருக்கிறது எங்கட அதிர்ஷ்டம்."

போனை வைத்த பிறகும் எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. நல்லவராக இருப்பதிலும் என்னை முந்திவிட்டாரே என்று. அவர் குரல் போனுக்கு வெளியேயும் கேட்கும்; இரத்தினம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அலுமாரியைத் திறந்து என் வெள்ளைச் சட்டையை எடுத்துக் கதிரையில் போட்டாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ் நிரம்பி வந்தது. கம்பளையிலிருந்து கண்டி வரை நின்றுகொண்டே போனேன். பேராதனைப் பாலத்தில் வாகனங்கள் மாட்டிக்கொண்டபோது, இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்றுதான் தெரியவில்லை.

ஸ்டோரில் மிளகு கொட்டத் தொடங்கிவிட்டார்கள். பதினேழு சாக்கு நிரம்பி, வாய் தைக்கக் காத்திருந்தது. நிஸாம் சிரித்துக்கொண்டே வந்தான்.

"நிப்பாட்டச் சொல்லு" என்றேன். "இது மலிவெண்ணெய் சாக்கு. வேணாம்."

அவன் சிரிப்பு உடனே போகவில்லை. மெல்ல மெல்லத்தான் போனது. "நல்ல சாக்குன்னு செல்லினியே."

"சொன்னேன்."

"அப்ப இப்ப எப்படித் தெரிஞ்ச?"

"அன்னைக்கே தெரியும்."

நிஸாம் சத்தம் போடுவான், சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். அவன் திரும்பி ஆட்களைப் பார்த்து, நிரப்பியதையெல்லாம் தரையில் விரித்த படங்கில் கொட்டச் சொன்னான். காலையில் கொட்டியதுதானே, மிளகுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கப்பல் போய்விடும். புதுச் சாக்கு கொழும்பில் தேடிப் பிடிக்க வேண்டும், இப்போது இருக்கிற விலையில். அடுத்த கப்பல் இரண்டு வாரத்துக்குப் பிறகு. பிந்தினால் ஜெர்மன்காரன் விலையைக் குறைப்பான். வீடு போகாது, இந்த வருட லாபம் போகும். இதையெல்லாம் அவன் எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நெடுநேரம் கழித்து என் பக்கத்தில் வந்து நின்றான்.

"சேருக்கு என்ன செல்ற?" என்றான். "ஒனக்குத் தடிமன் பிடிச்சி மூக்கடச்சிருந்த, மணம் தெரியல்ல, இப்பதான் தெரிஞ்சன்னு செல்லவா? அப்படிச் செல்லினா ஒண்டும் வராது. அவர் நம்புவார்."

எனக்குக் கொடுத்த கதவு அது. இவ்வளவுக்குப் பிறகும் கொடுத்தான். நான் தலையைக் குனிந்து அதற்குள் நுழைந்திருக்க வேண்டும். ஆனால் என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: அழகையாவுக்கு மணம் தெரியவில்லை. அதை அந்த மனிதரிடம் சொல்வதா? பங்களாதேஷ் தெரிந்த, கோடு தெரிந்த, எல்லாம் தெரிந்த அந்த மனிதரிடம், எனக்கு இருக்கும் ஒரே ஒரு விஷயமும் பிழையாகிவிட்டது என்றா?

"வேணாம்" என்றேன். "தெரிஞ்சே பொய் சொன்னேன்னு சொல்லு."

நிஸாம் என்னைப் பார்த்தான். பிறகு சேருக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னான். மறுபக்கம், அம்பிட்டியவில் எங்கோ ஒரு நாய் குரைப்பது கேட்டது.

"அப்ப, அண்ணைக்கு அண்டைக்கே மணம் பிடிபட்டிருக்கு?" என்றார் நிரஞ்சன் சேர்.

"ஓ. பிடிபட்டிருக்கு" என்றான் நிஸாம்.

"என்ர மூக்குக்கு எட்டேல்லை பாத்தியளே" என்றார் அவர், தனக்குத் தானே பேசுவது போல.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்ன செய்வது, இருந்தது. மிளகு படங்கில் கொட்டுண்டு கிடக்க, நண்பன் வருடம் முழுவதும் உழைத்தது வீணாகப் போயிருக்க, நெஞ்சுக்குள் ஒரு நிமிடம் நிறைந்து போனது. அதை அடக்கத்தான் பார்த்தேன். ஆனால் நிஸாம் என் முகத்துக்கு நேரே நின்றான். இருபத்திரண்டு வருடமாக அந்த முகத்தைப் படித்தவன், அதையும் படித்துவிட்டான்.

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டான். படங்கைச் சுற்றிப் போய், சிதறிய மிளகைக் காலால் மெல்ல ஒதுக்கி, எனக்கு வாசல் வரை வழி விட்டான்.

"நீங்க போங்க" என்றான். "பதினோரு மணிக்கு ஒரு கம்பளை பஸ் ஈக்கு."

அவன் என்னை 'நீங்க' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.