ஞாயிற்றுக்கிழமை சீலா

ஞாயிற்றுப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் விஜிலா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து டயானா போன் போட்டாள். தூத்துக்குடியில் பிறந்து பெங்களூருக்குக் கட்டிக்கொண்டு போனவள். விஜிலா இணையத்தில் மீன் விற்கத் தொடங்கிய முதல் வாரத்திலிருந்து வாங்குகிறவள்.

"ஏளா விஜிலா, ஒன் வெப்சைட்ல இன்னைக்கு விடியக்காலம் பிடிச்ச சீலா மீன்னு போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை எவன் கடலுக்குப் போனான்? யாருக்குளா காது குத்துத?"

விஜிலாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. இந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை வள்ளம் கடலில் இறங்காது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அன்றைக்குப் போய், அதுவும் அவள் பெயரில், இப்படியொரு புளுகா!

புளுகியவன் சுடலைராஜ். இணையதளத்துக்கு ஆள் பிடித்துத் தருகிறேன் என்று வந்தவன். ஸ்ரீவைகுண்டத்து வயல்காட்டில் வளர்ந்தவன், அவனுக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். ஆனால் அதைப் பார்த்துச் சரி என்று சொன்னவன் கிளைட்டன், விஜிலாவின் கூடப் பிறந்த தம்பி, தளத்தில் பாதிக்குச் சொந்தக்காரன். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

நேரே ஆபீசுக்குப் போனாள். இரண்டு பேரும் புரோட்டா தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏலே கிளைட்டா, வெக்கமா இல்ல ஒனக்கு?"

"எக்கா, வாரவன்ல நூத்துக்குத் தொண்ணூறு பேரு ஒருவாட்டி பாத்துட்டுப் போயிருதான். திரும்ப வரவே மாட்டேங்கான். தெனமும் புதுசா ஏதாவது காட்டுனாத்தானே வருவான்?"

"பொய்யக் காட்டுனா எப்படிலே வருவான்?"

கிளைட்டன் கையைக் கழுவிக்கொண்டு வந்து விஷயத்தை உடைத்தான். சென்னையில் ஒரு கம்பெனி தளத்தை விலைக்குக் கேட்கிறது. ஒருவாட்டி வந்த ஆட்கள் இந்த மாதக் கடைசிக்குள் திரும்பி வரவில்லையென்றால் கொடுத்துவிட வேண்டியதுதான். அப்புறம் அவர்கள் சொல்கிற மீனை ஏலத்தில் எடுத்துக் கொடுக்கிற வேலைதான் விஜிலாவுக்கு. பெயர்கூட அவர்களுடையது.

ஏழு வருஷம் ஐஸ் பெட்டியைத் தானே தூக்கி பஸ்ஸில் ஏற்றியவளிடம் சொல்கிற பேச்சா இது? அழுகை வந்தது. அழவில்லை.

"பாஸ்வேர்டக் குடு," என்றாள் சுடலைராஜிடம்.

"மேடம், நீங்க என்ன எழுதப் போறீங்க?"

"உள்ளத எழுதப் போறேன்."

எழுதினாள். *இன்னைக்கு மீன் இல்லை. ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல யாரும் கடலுக்குப் போக மாட்டாங்க. காலையில போட்டிருந்தது பொய். மன்னிச்சிருங்க. நாளைக்கு ஏலம் முடிஞ்சதும் சொல்லுதேன்.*

"கடையத் திறந்து வச்சி சரக்கு இல்லன்னா எவன் மேடம் வருவான்?" என்று சுடலைராஜ் தலையில் கைவைத்தான்.

மறுநாள் ஏலக் கூடத்தில் நின்றபடியே எழுதினாள். *மேக்கேருந்து கச்சான் காத்து பலமா அடிக்கி. ரோச் அண்ணாச்சி வள்ளத்துல ஊளி மீன் மட்டும் வந்திருக்கு. நல்லாருக்கு, வாங்குங்க. சாளை நேத்தைக்கு முந்தின நாள் சரக்கு. வாங்காதீங்க.* வாங்காதீங்க என்று சொல்கிற கடையை யார் கண்டார்கள்? மதுரையில் ஒருத்தி அதைத் தன் மாமியாருக்கு அனுப்பினாள். குவைத்தில் இருக்கிற காயல்பட்டினத்துக்காரர் ஒருவர், மீன் வாங்க வழியில்லாவிட்டாலும், கரையில் என்ன காற்று என்று பார்க்கத் தினமும் வந்தார். ஊளியை எப்படி ஆக்குவது என்று ஒருவர் கேட்க, நாலு பேர் பதில் சொல்ல, அங்கேயே சண்டை வேறு. இருபது நாளில், வந்தவர்களில் பாதிப் பேர் மறுபடி வந்தவர்கள். சுடலைராஜ் கணக்கை மூன்று தடவை சரிபார்த்துவிட்டு, "மேடம், இது எங்க பாடத்துல இல்ல," என்றான்.

விஜிலா பிழைத்தோம் என்று நினைத்தாள். எங்கே! மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கிளைட்டன் கம்பெனிக்காரரையே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"சொன்ன கெடுவுக்குள்ள ஆளு திரும்பி வந்தாச்சுல்லாலே?"

"அதனாலதான்க்கா இப்பம் நல்ல விலை கேக்காவ."

கம்பெனிக்காரர் நல்ல மனுஷர்தான், பதமாகப் பேசினார். பெயரை மாற்ற மாட்டோம், நீங்களே எழுதுங்கள், ஒரே ஒரு விஷயம், ஏழு நாளும் 'இன்றைய மீன்' இருக்க வேண்டும். ஐஸில் இருப்பதைப் போட்டுக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப்போகிறது? கிளைட்டன் ஒப்பந்தத்தை விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி அக்காவின் பக்கம் நீட்டினான்.

விஜிலா போனை எடுத்தாள். முக்கியமான அழைப்பாக்கும் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவள் நிதானமாகத் தட்டி முடித்து, வாசித்தே காட்டினாள்.

"இன்னைக்கு மீன் இல்லை. சென்னையிலேர்ந்து ஒரு கம்பெனி வந்து எங்க வீட்டுல இருக்கு. ஐஸ் மீன ஞாயித்துக்கிழமை புது மீன்னு விக்கணுமாம். நான் கையெழுத்துப் போடமாட்டேன். விஜிலா."

"இத... போட்டுட்டீங்களா?" என்றார் கம்பெனிக்காரர்.

"போட்டாச்சு சார். இருவத்திரெண்டு பேரு அதுக்குள்ள படிச்சாச்சு. காப்பி குடிக்கேளா?"

அவர் குடிக்கவில்லை. காகிதங்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கார் தெருமுனை திரும்புவதை வாசலில் நின்று பார்த்துவிட்டு கிளைட்டன் உள்ளே வந்தான்.

"எக்கா, பாதி என்னுதுல்லா? என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா வேண்டாம்னுருப்ப," என்றாள் விஜிலா. "நாளைக்கு அஞ்சு மணிக்கு ஏலம். வாரியா, இல்ல நான் தனியாப் போவட்டுமா?"