சமர்த்துப் பிள்ளை

இருபத்து மூன்று பாய்களை விரித்து முடிப்பதற்குள் ஆயாம்மாவுக்கு இடுப்பு கழன்றுவிடும். அந்தப் பாலர் பள்ளியில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் ஒரு மணி நேரம் தூங்க வேண்டும். தூங்கவைப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். வாலு என்று அவள் பெயர் வைத்திருந்தவன் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுவான். அழுமூஞ்சி தொண்டை கிழியக் கத்தும். ஒரே ஒரு பெண் குழந்தை மட்டும் போட்ட இடத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். நாலு வயது. அதற்கு அவள் வைத்த பெயர் சமர்த்து.

"இத மாதிரி இன்னும் நாலு இருந்தா எனக்கு வேலையே இல்ல டீச்சர்" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவாள். டீச்சரும் வெள்ளிக்கிழமைதோறும் சமர்த்தின் கையில் ஒரு காகித நட்சத்திரம் ஒட்டுவாள்.

அன்று புதன்கிழமை. சமர்த்தின் கால் பட்டுத் தண்ணீர்க் குவளை கவிழ்ந்து பாய் நனைந்தது. ஆயாம்மா துணியோடு வந்தபோது குழந்தை எழுந்து நின்றிருந்தது. அழவில்லை. வெயில் கொளுத்தினாலும் கழற்றாத அந்த முழுக்கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டி, மேல்கையை அவள் பக்கம் நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தது.

மேல்கையின் உட்பக்கமெல்லாம் கிள்ளிய தடங்கள். சில நீலம், சில பச்சை, சில மஞ்சளாகி மங்கிக்கொண்டிருந்தன. ஒரே நாளில் விழுந்தவை அல்ல.

ஆயாம்மா சட்டையை மெல்ல இறக்கிவிட்டு, "தண்ணிதானே கண்ணு, தொடச்சா போச்சு" என்றாள். குழந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. அவள் துடைத்து முடிக்கும்வரை நம்பாமலே நின்றது. இத்தனை மாதமாக இந்தப் பயத்தைப் போய்ச் சமர்த்து என்று கொஞ்சினோமே என்று நினைத்தபோது, தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

டீச்சரை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"யாரு செஞ்சாங்கன்னு கேட்டீங்களா?"

"வாய் வரைக்கும் வந்துச்சு டீச்சர். மிரண்டுடுமோன்னு கேக்கல."

"நல்லதாப் போச்சு" என்று டீச்சர் தரையில் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதையும் தோண்டவில்லை. கை வலிக்கிறதா என்று மட்டும் கேட்டாள். வெகு நேரம் கழித்துக் குழந்தையே சொன்னது.

"சிந்தினா பெரியப்பாகிட்ட கை காட்டணும். அம்மாகிட்ட சொன்னா எங்கள வீட்ட விட்டு அனுப்பிடுவாங்களாம்."

"சொன்னது ரொம்ப நல்லதுடா. உன் மேல தப்பே இல்ல" என்றாள் டீச்சர். வெளியே வந்து குழந்தையின் வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொண்டாள்.

குழந்தையின் அம்மா தன் அக்கா வீட்டில்தான் ஒண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அக்கா புருஷனுக்கும் ஒரே தையல் ஆலையில் வேலை. அவளுக்கு ஏழு மணிவரை மிஷின். அவனுக்கு மூன்றரைக்கே வேலை முடிந்துவிடும். நாலு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிப்போவது அவன்தான்.

டீச்சர் போய்ச் சொன்னதும், பள்ளியை நடத்தும் பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "தங்கமான மனுஷன்மா. நமக்கு ஃபேன் எல்லாம் வாங்கிக் குடுத்தாரு. நாம கிளறப்போய் ஒண்ணுமில்லன்னு ஆயிட்டா?"

"ஒண்ணுமில்லன்னா நானே மன்னிப்புக் கேட்டுக்கறேன் மேடம். நாலு மணிக்கு அவர்கூட அனுப்ப மட்டும் என்னால முடியாது."

கடைசியில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டது பெரிய டீச்சரேதான். அதிகாரி வந்து சேர நாலரை ஆகும், அதுவரை அவனுக்குத் தெரியக் கூடாது என்றார்கள். ஆலைக்குச் சொல்லி அம்மாவையும் வரவழைத்தார்கள்.

"அந்த அரை மணிய என்கிட்ட விடுங்க" என்றாள் ஆயாம்மா. கேட்டில் நின்று ஊர்க்கதை பேசுகிறாள் என்று மூன்று முறை விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டி வந்தவள் அவள்.

அவன் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தான். பிள்ளை அசந்து தூங்குகிறது என்று சொல்லிவிட்டு ஆயாம்மா தன் முழங்கால் வலியில் ஆரம்பித்தாள். வைத்தியர் சொன்னது, சம்பந்தி சொன்னது எல்லாம் வந்தது. அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"எழுப்பி விடுங்களேன்மா."

"இதோ எழுப்பிடலாம் சார். ஆமா, உங்க ஆலையில எம் மருமகனுக்கு ஒரு வேலை கிடைக்குமா? நீங்க சொன்னா தட்ட மாட்டாங்களாமே?"

அவன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான். தான் சொல்லி யார் யார் உள்ளே போனார்கள் என்று விலாவாரியாகச் சொல்லத் தொடங்கினான். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். அவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. அதிகாரியின் வண்டி வரும்வரை "அப்படியா சார்" என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

குழந்தையின் அம்மா வந்து கையைப் பார்த்தாள். சட்டையை இறக்கி, கைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். "அந்த வீட்டுக்கு இனிமே போக மாட்டோம்" என்றாள். போகவும் இல்லை.

மூன்று மாதம் ஆயிற்று. பள்ளிக்குப் பின்தெருவில் ஓர் அறை. பள்ளிச் சமையலறையில் பாதிச் சம்பளத்துக்கு அம்மாவுக்குக் காய் நறுக்கும் வேலை. அக்கா போனைக்கூட எடுப்பதில்லை. குழந்தையோ இப்போது தூங்குவதே இல்லை. வாலுவின் தலையில் சோற்றைக் கொட்டியது, அழுமூஞ்சியைக் கடித்தது. "என் உசுர வாங்குது டீச்சர்" என்று ஆயாம்மா வாயெல்லாம் பல்லாகப் புகார் சொன்னாள். அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒரு காலையில் அம்மாவும் குழந்தையும் வந்தபோது ஆயாம்மா கேட்டைத் திறந்தபடி கேட்டாள். "ஆலையில மறுபடி கேட்டுப் பாத்தியாம்மா?"

"கேட்டேன் ஆயாம்மா. அஞ்சு நாள் சொல்லாமக் கொள்ளாம நின்னவளுக்கு வேலை இல்லன்னுட்டாங்க."

"ஆஸ்பத்திரி, ஸ்டேஷன்னு அலைஞ்சது அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அவர் மேல இருக்கற கேஸ் முடியாம அவர வேலைய விட்டு நிறுத்த முடியாதாம்."

ஆலை பஸ் திருப்பத்தில் வந்தது. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு முன்பு தினமும் அவள் ஏறிய இடம் என்பதால் ஓட்டுநர் பழக்கதோஷத்தில் வேகத்தைக் குறைத்துக் கதவைத் திறந்தார். சன்னலோரத்தில் பெரியப்பா மடியில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர் சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தான். அம்மா குழந்தையை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். கதவு மூடியது.