கட்டுரையில் இல்லாத வரி

சும்மா சொல்லக் கூடாது, புரொபசரம்மா தன் துறையில் கொடிகட்டிப் பறந்தவள்தான். வீட்டிலும் அவளுக்கு அதே பேர்தான். கட்டிய கணவனே 'புரொபசரம்மா, என் கண்ணாடியைப் பாத்தியா' என்றுதான் கேட்பார். அவள் எத்தனையோ கட்டுரைகள் எழுதியிருந்தாலும் உலகம் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்றைத்தான். இருபது வருடத்துக்கு முன்னால் எழுதியது.

விஷயம் இதுதான். ரத்தத்தில் கிருமி புகுந்தால் ஒரு புரதம் எகிறும். அதன் முழுப் பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால் ஆய்வகத்தில் அதற்கு 'வாலு' என்று பேர் வைத்திருந்தார்கள், பிறகு துறை முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. மருந்து வேலை செய்து கிருமி சாகச் சாக வாலு அடங்கும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் மருந்தை நிறுத்திவிடலாம், வாரக்கணக்கில் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டாம். இதை நோயாளிகளிடம் வருடக்கணக்காகப் பார்த்து, அசைக்க முடியாதபடி நிரூபித்திருந்தாள். அன்றிலிருந்து இந்தத் துறையில் யார் என்ன எழுதினாலும் கடைசியில் மேற்கோள் பட்டியலில் அவள் பெயர் இருக்கும். மாநாட்டுக்குப் போனால் சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அவளும் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள்.

கணவர் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். காலையில் காபியோடு போனைத் திறந்து, புதிதாக யார் யார் அவளை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

"இன்னைக்கு மூணு பேர் உன் பேரைச் சொல்லியிருக்காங்க."

"மூணே மூணு பேர்தானா? என்ன ஆச்சு உலகத்துக்கு?" என்பாள் அவள், தலை வாரிக்கொண்டே. விளையாட்டுக்குச் சொல்வதுதான். ஆனால் எண்ணிக்கை குறைந்த நாளில் முகம் கொஞ்சம் வாடத்தான் செய்யும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் சாப்பிட வந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் குழந்தைகள் வார்டு டாக்டர். எப்போதும் வாயாடுகிறவள் அன்று தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, முகமே சரியில்லையே?"

"வார்டுல ஒரு குழந்தை அண்ணி. ரெண்டு வயசுப் பொண்ணு. வாலு இறங்கிடுச்சுன்னு மூணாம் நாளே மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினோம். நேத்து திரும்பத் தூக்கிட்டு வந்தாங்க. உடம்பு கொதிக்குது. இப்ப ஐசியூல கிடக்கு."

"மூணாம் நாளே ஏன் நிறுத்துனீங்க?"

நாத்தனார் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "என்ன அண்ணி இப்படிக் கேக்குறீங்க? உங்க கட்டுரையிலதான சொல்லியிருக்கு."

புரொபசரம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "என் கட்டுரையில குழந்தைங்களுக்குன்னு எங்க இருக்கு?"

"எங்க வழிகாட்டிப் புத்தகத்துல இருக்கு. 'எல்லா வயதினருக்கும்'னு போட்டு, பக்கத்துலயே உங்க பேரு."

"அடப்பாவிங்களா! குழந்தைங்களுக்குச் செய்யாதீங்கன்னு எழுதினவளே நான்தான். குழந்தைங்ககிட்ட வாலு தானா இறங்கிடும். கிருமி உள்ள ஜம்முனு உக்காந்திருக்கும், அளவு மட்டும் குறைஞ்சு காட்டும். கொஞ்சம் குழந்தைங்களைப் பாத்தோம், பயந்து போயி ஒரு பத்தியே எழுதி வச்சேன். நீ படிச்சியா இல்லையா?"

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். "மேல இருக்கிற சுருக்கம் மட்டும் படிச்சேன் அண்ணி."

கணவர் தங்கையின் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். அதற்குமேல் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. நாத்தனார் அங்கிருந்தே வார்டுக்குப் போன் போட்டு, வாலு எவ்வளவு இறங்கினாலும் எந்தக் குழந்தைக்கும் மருந்தை நிறுத்தக் கூடாது என்று சொன்னாள். அந்தப் பெண் குழந்தை பிழைத்துக்கொண்டது. முழு மருந்தும் ஏறி, பத்து நாள் கழித்துத் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனது. ஆனால் அந்த வழிகாட்டிப் புத்தகம் அந்த ஒரு ஆஸ்பத்திரியில் மட்டுமா இருக்கிறது?

திங்கட்கிழமை புரொபசரம்மா ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். வழிகாட்டிப் புத்தகம் யாரை மேற்கோள் காட்டியது, அவர் யாரைக் காட்டினார், அவர் யாரை என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போனாள். கடைசியில் ஆள் சிக்கினான். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒருவன் தொகுப்புக் கட்டுரை எழுதியிருந்தான். அவளுடைய சுருக்கத்தில் 'நோயாளிகள்' என்று பொதுவாக இருந்ததை, அவன் 'எல்லா வயது நோயாளிகள்' ஆக்கிவிட்டான். அதோடு அவள் கட்டுரையின் பக்க எண்ணையும் தப்பாகப் போட்டிருந்தான். அவனுக்குப் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான பேரும் அதே தப்பான பக்க எண்ணைப் போட்டிருந்தார்கள். ஒருத்தராவது அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால் அங்கே வேறு யாரோ எலும்பைப் பற்றி எழுதியிருப்பது தெரிந்திருக்கும். அத்தனையும் ஈயடிச்சான் காப்பி. படித்துப் பட்டம் வாங்கியவர்கள் செய்கிற வேலையா இது?

முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. தினமும் காலையில் எண்ணிக்கையைக் கேட்டுப் பூரித்தவள், அதில் ஒன்றையாவது திறந்து தன்னைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று பார்த்ததுண்டா? இல்லை.

மறுப்பு எழுதப் போவதாகச் சொன்னதும் ஆய்வக இயக்குநர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"மேடம், வாழ்நாள் விருதுக்கு உங்க பேர் போயிருக்கு. இந்த நேரத்துல உங்க கட்டுரையை நீங்களே குறை சொன்னா நல்லாவா இருக்கும்? பாதிப் பேர் குழந்தைங்களுக்காகத்தான் உங்களைக் காட்டுறாங்க. அந்த எண்ணிக்கை அப்படியே போயிடும்."

"போகட்டும் சார். என் கட்டுரைக்கு ஒரு குறையும் இல்லை, அது கல்லு மாதிரி நிக்குது. படிக்காதவங்களைத்தான் குறை சொல்லப் போறேன். நான் சொன்னா கேப்பாங்க, நீங்க வேணா பாருங்க."

பூசி மெழுகாமல் எழுதினாள். தலைப்பே நெத்தியடியாக இருந்தது: 'வாலு இறங்கினால் குழந்தைகளுக்கு மருந்தை நிறுத்தாதீர்கள்.' இதழின் ஆசிரியர் உடனே ஏற்றுக்கொண்டார். ஆனால் தலைப்பு கொஞ்சம் கடுமையாக இருப்பதாகப் பணிவாகச் சொல்லி, 'குழந்தைகளில் வாலு: ஒரு மறுபார்வை' என்று மாற்றினார். அவளும் தலையாட்டிவிட்டாள். தலைப்பில் என்ன இருக்கிறது, உள்ளேதான் எல்லாம் விளக்கமாக இருக்கிறதே என்று நினைத்தாள். உள்ளே யாருமே எட்டிப் பார்ப்பதில்லை என்று ஒவ்வொன்றாக நோண்டிக் கண்டுபிடித்த அதே புரொபசரம்மாதான் அப்படி நினைத்தாள்.

விருது வேறொரு புரதத்தை ஆராய்ந்தவருக்குப் போனது. ஒரு நாள் முழுக்க அவருடைய புரதத்தைத் திட்டித் தீர்த்துவிட்டு மறுநாள் மறந்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் கணவர் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். "புரொபசரம்மா, உன் மறுப்பை முதல் ஆள் மேற்கோள் காட்டிட்டான். குழந்தைங்க டாக்டர்தான்."

"பாத்தீங்களா? நான் சொன்னா கேக்காம இருப்பாங்களா?" என்று ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

இந்தத் தடவை அந்தக் கட்டுரையைத் திறந்தே பார்த்தாள். மூன்றாவது பத்தியில் இருந்தது: 'வாலு இறங்கியதும் மருந்தை நிறுத்தும் முறை குழந்தைகளுக்கும் பாதுகாப்பானதே.' அதற்கு இரண்டு சான்றுகள். ஒன்று அவளுடைய பழைய கட்டுரை. இன்னொன்று அவளுடைய மறுப்பு.

கணவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. வேண்டாம் என்று கத்தியதையே சம்மதமாக எடுத்துக்கொள்கிறவர்களை என்ன செய்வது? இன்னொரு மறுப்பு எழுதலாம். அதையும் மூன்றாவது சான்றாகச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குள் எந்த வார்டில் எந்தக் குழந்தைக்கு மருந்தை நிறுத்துவார்களோ?

கட்டுரையின் அடியில் அந்த டாக்டரின் நம்பர் இருந்தது. அழைத்தாள்.

"மேடம், நீங்களா? நிஜமா நீங்கதானா? உங்க கட்டுரையாலதான் நான் இந்தத் துறைக்கே வந்தேன்," என்றான். குரல் இளசாக இருந்தது, உற்சாகத்தில் திக்கியது.

"ரொம்ப சந்தோஷம் தம்பி. இப்ப எங்க இருக்கீங்க?"

"வார்டுலதான் மேடம். ரவுண்ட்ஸ் போயிட்டு இருக்கோம். உங்க முறைப்படி இப்பக்கூட ஒரு பையனுக்கு மருந்தை நிறுத்தப் போறோம்."

"என் கட்டுரையை முழுசா படிச்சிருக்கீங்களா?"

"உங்க பேரைப் பாத்தேன் மேடம். அதுவே போதும்னு…"

"போதாது தம்பி. அந்தப் பையனுக்கு மருந்தை நிறுத்தாதீங்க. போய் நர்ஸ்கிட்ட சொல்லிட்டு வாங்க. போனை வைக்காதீங்க."

செருப்புச் சத்தம் விலகிப் போவதும், யாரிடமோ அவன் அவசரமாகப் பேசுவதும், சத்தம் திரும்பி வருவதும் கேட்டது. புரொபசரம்மா தன் பழைய கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். தலைப்பு, முறைகள், முடிவுகள் என்று ஒன்றையும் விடவில்லை. குழந்தைகளைப் பற்றிய பத்தி வந்ததும் நிறுத்தி, அதை மட்டும் இன்னொரு தடவை படித்தாள்.

"மேடம்," என்றான் அவன். குரலில் இருந்த உற்சாகமெல்லாம் வடிந்திருந்தது. "போன வாரம் ரெண்டு குழந்தைங்களை இப்படித்தான் அனுப்பியிருக்கோம்."

"வீட்டு நம்பர் இருக்குல்ல? கூப்பிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவன் வேறொரு போனில் பேசுவது கேட்டது. முதல் வீட்டில் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கிறது என்றார்கள். இருந்தாலும் கொண்டுவந்து காட்டுங்கள் என்றான். இரண்டாவது வீட்டுக்காரர்கள் பேசியபோது நெடுநேரம் 'ம்' மட்டும் கொட்டினான்.

"ராத்திரியிலிருந்து காய்ச்சலாம் மேடம். சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்னு இருந்தாங்களாம். இப்பவே கிளம்பி வரச் சொல்லிட்டேன். மருந்தும் படுக்கையும் தயாரா இருக்கு. நேரத்தோட பிடிச்சுட்டோம்."

"நல்லது. வந்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. பயப்படாதீங்க, நல்லா ஆயிடும்."

போனை வைத்ததும் கணவர் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, என் பேரைச் சொன்னவங்கள்ல குழந்தைங்க டாக்டருங்க நம்பரை எல்லாம் எடுங்க."

"நூத்துக்கணக்குல இருப்பாங்களேம்மா."

"இருக்கட்டும். நான் எழுதினதை அவங்களுக்குப் படிக்க நேரமில்லை. நானே படிச்சுக் காட்டுறேன்."

கணவர் பள்ளிக்கூடத்துக்கு இன்று வர முடியாது என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முதல் நம்பரைச் சொன்னார். அவள் அழுத்தினாள். மணி அடித்தது, யாரோ எடுத்தார்கள்.

"வணக்கம். ஒரு கட்டுரை படிக்கப் போறேன். வார்டுல இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டு ஸ்பீக்கர்ல போடுங்க," என்றாள் புரொபசரம்மா.