தரை வரைக்கும் தெரியும் கண்ணாடி

அண்ணன் மகன் வனீஸின் படகை அண்ணனும் நானும் கண்டுபிடித்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஆளைக் காணோம். பலகைமேல் அவன் தொப்பி இருந்தது. அதற்குள் பத்திரமாக, தண்ணீரின் பளபளப்பை மறைக்கும் அந்தப் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி. ஆக்டோபஸ் பிடிக்கப் போட்ட மண்பானைக் கயிறு அடியில் எங்கோ சிக்கியிருக்க வேண்டும். விடுவிக்கக் குதித்தவன், நங்கூரம் கூடப் போடவில்லை. திரும்பி வரப்போகிறவன்தானே கண்ணாடியைக் கழற்றி வைப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஸ்ஃபாக்ஸ் நகரச் சந்தையில் அவன் அதை வாங்கி வந்தபோது, அவன் அப்பா, என் அண்ணன் ஸாதொக், போகிற இடமெல்லாம் கேலி செய்தார். மகன் சினிமாவுக்குப் போகிறானா, கடலுக்கா என்று கேட்டார். வனீஸ் கோபப்பட மாட்டான். "ஒருதரம் போட்டுப் பாருங்கப்பா. தரை வரைக்கும் தெரியும்," என்பான். அண்ணன் தொட்டதே இல்லை.

எங்கள் கெர்கென்னாத் தீவுக் கடல் இரண்டு ஆள் ஆழம்தான். ஆனால் அன்றைய வெயிலில் தண்ணீர் முழுக்க ஒரே வெள்ளை, கண்ணைப் பறித்தது. அண்ணன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு தூரத்தையே பார்த்தார். கண்ணாடியை நீட்டினேன். வாங்கவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. இந்த நேரத்திலுமா வீம்பு என்று திட்டியே விட்டேன்.

"வீம்பு இல்லடா. வெறுங்கண்ணால பாக்குற வரைக்கும் அவன் எங்கயாச்சும் நீந்திக்கிட்டுத்தான் இருப்பான்," என்றார்.

 கண்ணாடியை நானே போட்டுக்கொண்டேன். கண்கூச்சம் சட்டென்று விலகியது. கடற்புல், மணல், வரிசையாகப் பானைகள். கயிற்றைப் பார்த்தபடியே படகை மெல்லச் செலுத்தினேன். பழைய இரும்பு ஒன்றில் அது சுற்றியிருந்தது. அங்கே அவனுடைய நீலச் சட்டையும், அதற்குள் அசையாமல் அவனும்.

எஞ்சினை அணைத்தேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தேன், முடியவில்லை.

 அண்ணன் என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தானே மாட்டிக்கொண்டார். ஒரு காம்பு காதில் நிற்கவில்லை. படகு விளிம்பைப் பிடித்துக் குனிந்து, வெகுநேரம் கீழே பார்த்தார்.

"ஆமாடா வனீஸ்," என்றார் தண்ணீரிடம். "நீ சொன்ன மாதிரியே தெரியுதுடா. தரை வரைக்கும் தெரியுது."