இருவருக்கான கேக்

1

இந்தக் கதை எனக்குக் கேக் கடையில் கிடைத்தது. ஜெர்மனியில், கோஸ்லார் ஊரில், எங்கள் தெருமுனைக் கடை. ஞாயிறு மதியம் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி ரோஸ்வித்தா, பிளம்ஸ் பழம் பதித்த கேக்கில் இரண்டு துண்டு கேட்டார்.

"வீட்டுக்கு ஆள் வர்றாங்களா?" என்றாள் கடைப் பெண்.

"வராம? ஞாயித்துக்கிழமையாச்சே! க்ரீமை நெறைய வைம்மா. அது இல்லாம அவங்க தொடமாட்டாங்க."

அவர் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. முறைவைத்து வீடு வீடாகக் கூடிக் காப்பி குடித்த தோழிகள் ஒவ்வொருவராய்ப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். (எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. எழுதுகிற உரிமையில் சொல்கிறேன்.)

2

ரோஸ்வித்தா மேசைவிரிப்பை உதறியபோது, ஹார்ட்ஸ் மலைமேல் மேகங்கள்—

வேண்டாம். மேகம் பார்க்கிற மனுஷி இல்லை அவர். மேசையில் இரண்டு தட்டு வைத்தார். பூப்போட்ட நல்ல கோப்பைகள் இரண்டு. எதிர்நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டார், அதில் இருந்தவர் கைகழுவப் போயிருப்பதுபோல.

(இங்கே ஹோர்ஸ்ட் என்றொரு பழைய காதலரை ரயிலில் வரவழைத்தேன், பூங்கொத்தோடு. எழுதியதை அடித்துவிட்டேன். அப்படியெல்லாம் யாரும் வருவதில்லை.)

3

அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டுக்காரி எடல்கார்ட். ஒரு கை முதுகுக்குப் பின்னால்.

"உங்க பூந்தொட்டித் தண்ணி எங்க பால்கனியில சொட்டுது."

"இன்னிக்கு நான் தண்ணியே ஊத்தலையே?"

"அப்போ... மழையா இருக்கும்."

வெளியே நல்ல வெயில். எடல்கார்டின் கண் மேசைக்குப் போனது. "அடடா, விருந்தாளியா! தெரியாம வந்துட்டேன்."

யாருமில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஆளில்லாத நாற்காலிக்குத் தட்டு வைப்பவள் என்று கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும்.

"ஆமா. இப்போ வந்துடுவாங்க."

"சந்தோஷம். நீங்க பாருங்க."

எடல்கார்ட் திரும்பியபோதுதான் மறைத்திருந்த கையில் தட்டு தெரிந்தது. துணிபோட்டு மூடிய தட்டு. சுட்ட ஆப்பிளும் பட்டையும் மணத்தன. அதற்குள் ரோஸ்வித்தாவின் கை, பழக்கத்தில், கதவைச் சாத்திவிட்டது.

4

முதலில் எழுதிய முடிவில், இரண்டு துண்டையும் ரோஸ்வித்தாவே தின்கிறார். இரண்டாவதில் கதவைத் திறந்து, "எடல்கார்ட், நான் சொன்னது பொய்..." என்று ஆரம்பித்து—

அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவருக்கும்தான்.

இப்போது அவர் கை கதவுப்பிடியில் இருக்கிறது. எடல்கார்ட் இறங்கும் சத்தம் கேட்கிறது. படிக்குப் படி நின்று, மெதுவாக. நான் பேனாவை மூடிவிட்டேன். கூப்பிடுவதானால், வாசகரே, கொஞ்சம் சத்தமாகவே கூப்பிடுங்கள். எடல்கார்டுக்குக் காது மந்தம்.